தூண்டில் மன்றங்களும் கணினிப் பதிவேடும்

தமிழர்க்குத் தூண்டில் புதிதன்று. யானை வளைத்துக் கைவிட்ட மூங்கில் விசைத்தெழுவதற்குத் தூண்டிற்கோலை உவமை கூறிய குறுந்தொகைப் புலவர், அவ்வுவமையாலேயே மீனெறி தூண்டிலார் எனப் பெயர் பெற்றார். ஆயின் வயிற்றுப்பாட்டிற்காக அன்றிப் பொழுதுபோக்காகத் தூண்டிலிடுதலும் அதற்கென மன்றம் அமைத்தலும் நம் நாட்டில் ஆங்கிலேயர் காலத்தில் வேரூன்றியவை. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சலிவன் தாமஸ் இப்பொருள் பற்றி எழுதிய 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூல் 1873இல் வெளிவந்தது. பிடித்த மீனை எடை பார்த்து உயிருடன் ஆற்றிலேயே விடும் நெறி பின்னர் வலுப்பெற்றது. இத்தகைய மன்றங்களுக்குக் கணினியும் கைப்பேசியும் எவ்வாறு துணைபுரியும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

சந்தா வாங்குதல், இன்ன நாளில் இன்ன துறை இன்னாருக்கு என ஒதுக்குதல், கூட்ட அறிவிப்பு அனுப்புதல் ஆகியவற்றைக் கணினி எளிதிற் செய்யும். எந்தச் சங்கத்திற்கும் பொதுவான இவற்றைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. தூண்டில் மன்றத்திற்கே உரிய செல்வம் மீன் பதிவேடாகும். அதன் அருமையைக் காவிரி நமக்குக் காட்டியுள்ளது.

கர்நாடகத்தில் காவிரிக்கரையில் அமைந்திருந்த காலிபோரே தூண்டில் முகாமில், மஹ்சீர் எனப்படும் பெருங்கெண்டை இனத்தைப் பிடித்து விடுவோர் குறித்துவைத்த கணக்குகளை ஆய்வாளர் சிலர் திரட்டினர். 1998 முதல் 2012 வரையிலான அக்கணக்கில் 23,620 மணி நேர உழைப்பும் 6,161 மீன்களும் பதிவாகியிருந்தன. அதாவது, ஒரு மீனுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆண்டுகள் செல்லச் செல்ல, கிடைத்த மீன்களின் எண்ணிக்கை உயர்ந்தது. சராசரி எடை குறைந்தது. இளமீன்கள் பெருகுகின்றன, ஆறு வளமாக உள்ளது என்றே இதைக் காண்போர் மகிழ்வர்.

ஆனால் அந்த மீன்கள் ஒரே வகையின அல்ல. நீலத் துடுப்புடையது ஒன்று, கூன்முதுகுடையது மற்றொன்று. முன்னது வெளியிலிருந்து கொணர்ந்து விடப்பட்டது. பின்னதே காவிரிக்கு உரியது. 1946இல் கபினியாற்றில் வான் இங்கன் என்பவர் பிடித்த 120 பவுண்டு மீன் இதன் பெருமைக்குச் சான்றாகக் கூறப்படும். நீலத் துடுப்பு மீன் பெருகப் பெருக, கூன்முதுகு மீன் அருகிக்கொண்டே வந்தது. மொத்த எண்ணிக்கை என்னும் ஒரே கட்டத்தை மட்டும் பார்த்திருப்பின், உரியவன் வீட்டைவிட்டு வெளியேறியதும் விருந்தினன் குடிபுகுந்ததும் எவர்க்கும் தெரியாமலே போயிருக்கும்! 2018இல்தான் இம்மீன் 'டார் ரெமாதேவி' என்னும் அறிவியற்பெயருக்குரியது என உறுதி செய்யப்பட்டது. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக அது உலகப் பட்டியலில் இடம்பெற்றதும் அவ்வாண்டிலேயே.

எனவே, எந்தச் செயலியை வாங்குவது என்று கேட்பதற்கு முன், எந்தக் கட்டங்களை வரைவது என்று மன்றத்தார் கேட்டல் வேண்டும். நாள், தூண்டிலிட்ட நேரம், தூண்டில்களின் எண்ணிக்கை, இரை, மீனின் வகை, நீளம் ஆகியன இன்றியமையாதவை. மீன் ஒன்றும் கிட்டாத நாளையும் எழுத வேண்டும். பலரும் நாணி விட்டுவிடும் கணக்கு இதுவே. இஃதில்லையேல் உழைப்புக்கு விளைவு இவ்வளவு என்று வகுத்தறிய இயலாது. விரிதாள் ஒன்றே இதற்குப் போதுமானது.

துடுப்பின் நிறத்தையும் முதுகின் வடிவையும் சொற்களால் எழுதுவதினும் படமே தெளிவாகக் காட்டும். கைப்பேசியின் பெரும்பயன் இதுவே எனலாம். ஆயினும் படத்திற்காக மீனை நெடுநேரம் நீருக்கு வெளியே வைத்திருப்பது, விடுவதாகச் சொல்லிக் கொல்வதற்கு ஒப்பாகும். மீன் நீரில் இருக்கும்போதே கைப்பேசியை ஆயத்தம் செய்துகொள்ளல் நன்று. அப்படங்களை வாட்ஸப் குழுவில் மட்டும் விட்டுவைத்தலும் தகாது. அங்கே படத்தின் நுணுக்கம் குறைகிறது. வழக்கமான முறையில் அனுப்பினால் எடுத்த இடக்குறிப்பும் நீங்கிவிடுகிறது. மூலப்படத்தைப் பதிவேட்டோடு சேர்த்தல் வேண்டும். ஆனால் அந்த இடக்குறிப்பைப் பொதுவில் வெளியிடுதல் கூடாது. பெரிய மீன் தங்கும் மடுவை ஊரறியச் சொன்னால், வெடிவைத்துப் பிடிப்போரும் அதை அறிவர். செயலாளரும் ஆய்வாளரும் மட்டும் காணுமாறு பூட்டிவைக்கக் கணினியில் வழியுண்டு. பழைய நோட்டுப் புத்தகத்தில் அவ்வசதி இல்லை.

மற்றொன்றும் கூறவேண்டும். இம்முகாம்களில் வழிகாட்டிகளாகப் பணிபுரிந்தோர் ஆற்றங்கரை ஊரினர். முன்னர்க் களவாக மீன்பிடித்தோரும் அவருள் இருந்தனர். ஆற்றை உறுப்பினரைவிட நன்கறிந்தவர் அவரே. செயலி ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் அவரறிவு ஏட்டில் ஏறாது. பேசிப் பதியும் வசதி இன்று கைப்பேசியில் உண்டாதலின், அவர் தம் மொழியிலேயே சொல்லச் செய்து, பின்னர் ஒருவர் எழுதிக்கொள்ளலாம்.

காலிபோரேயின் கணக்கு 2012உடன் நின்றது. காட்டுயிர்ச் சட்டத்தின் வழி அங்குத் தூண்டிலிடுதல் நிறுத்தப்பட்டமையால் எழுதுவோரும் இல்லாது போயினர். பின்னர், பெயரை உறுதி செய்வதற்குரிய மீனைத் தேடிய ஆய்வாளர்க்கு அது கிடைத்தது நம் தமிழகத்து மோயாற்றில்.