பொச்சாவாமை யாருடைய கடமை?

புக்கிட் ரம்பாய்,
மலாக்கா.

அன்புள்ள மாணவிக்கு,

புதிய உத்தியோகத்தில் சேர்ந்த சில மாதங்களுக்குள்ளாகவே 11 கிலோவோல்ட் மின்தேக்கித் தொகுதி ஒன்றின் வடிவமைப்பில் உன்னையும் ஈடுபடுத்தியிருக்கிறார்கள் என்று வாசித்து நான் அடைந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள், உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. உன் அலுவலகத்து மூத்தவர் ஒருவர், "முதலில் யந்திரம் ஓடட்டும், விதிமுறைக் காகிதங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறியதாகவும், அதைக் கேட்டதிலிருந்து, "விதிகள் அனைத்தையும் நிறைவேற்றிய பின்னும் விபத்து நேர்ந்தால், வடிவமைத்தவர்மீது என்ன குற்றம் இருக்க முடியும்?" என்ற ஐயம் உன்னைத் தொடர்வதாகவும் எழுதியிருக்கிறாய். அவருடைய பேச்சு எனக்கு எரிச்சலை உண்டாக்கியது. உன்னுடைய வினாவோ மனத்தில் தங்கிவிட்டது. இரண்டும் ஒரே அபிப்பிராயப் பிழையிலிருந்து முளைத்தவை என்பதைக் காட்டவே இந்தக் கடிதம் சற்று நீளப் போகிறது.

சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் தீபகற்ப மலேசியாவில் மின்சாரத் தொழில் 1990-ஆம் ஆண்டின் மின்சார வழங்கல் சட்டத்துக்கும் 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிமுறைகளுக்கும் உட்பட்டது என்பதும், அவற்றை எரிசக்தி ஆணையம் நடத்தி வருகிறது என்பதும் நீ அறிந்தவையே. ஆனால் உன் வினாவுக்கு நேரான விடை அவற்றில் இல்லை. 1994 பிப்ரவரி 25 அன்று நடைமுறைக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருக்கிறது. வேலையிடத்தில் பயன்படும் யந்திரத்தை வடிவமைப்பவர், செய்பவர், இறக்குமதி செய்பவர், வழங்குபவர் ஆகிய எல்லோருக்கும், முறைப்படி பயன்படுத்தும்போது அது அபாயமற்றதாக இருக்கும்படி, இயன்ற அளவு, அமைத்துத் தரும் கடமை உண்டு என்பது அதன் சாரம். 'இயன்ற அளவு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள், அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவைப் புரட்டிப் பார்ப்பதில்லை. அபாயம் எவ்வளவு கொடியது, அதைப் பற்றியும் அதை நீக்கும் வழியைப் பற்றியும் உலகில் என்ன அறிவு இருக்கிறது, அந்த வழி கைக்கு எட்டுவதும் பொருத்தமானதும் ஆகுமா, அதற்கு என்ன செலவாகும் என்று நான்கு அளவுகோல்களை அது வரிசைப்படுத்துகிறது. செலவு நான்காவதாக நிற்பதைக் கவனி. அதைவிட முக்கியமாக, இரண்டாவது அளவுகோலைக் கவனி. 'தெரிந்திருந்ததா?' என்று மட்டும் சட்டம் கேட்கவில்லை. 'தெரிந்துகொள்ள முடிந்ததைத் தெரிந்துகொண்டாயா?' என்றும் கேட்கிறது. ஆகவே, அம்மா, விதிகளின் பட்டியலில் கடைசி வரி முடிந்த இடத்தில் வடிவமைப்பவருடைய பொறுப்பு முடிவதில்லை. அங்கேதான் அவருடைய சொந்தச் சிந்தனை தொடங்க வேண்டும்.

இந்தச் சட்டம் ஏன் இப்படி எழுதப்பட்டது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதற்கு முன்பிருந்த 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள், யந்திரங்கள் சட்டம், வேலி இவ்வளவு உயரம், மறைப்பு இவ்விதம் என்று கட்டளையிட்டு, அவை நிறைவேறினவா என்று அதிகாரி வந்து பார்க்கும் முறையைச் சேர்ந்தது. 1991 மே 7 அன்று சுங்கை பூலோவில் பிரைட் ஸ்பார்க்லர்ஸ் பட்டாசுத் தொழிற்சாலை வெடித்து, 20-க்கும் மேற்பட்டோர் மாண்டு, சுற்றியிருந்த வீடுகளும் நாசமானபோது, கட்டளைப் பட்டியலால் மட்டும் உயிர்களைக் காக்க இயலாது என்பது இந்த நாட்டுக்குக் கசப்பாகத் தெரிந்தது. பிரிட்டனில் ராபென்ஸ் பிரபுவின் குழு 1972-லேயே, அபாயத்தை உண்டாக்குபவரே அதை அடக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை முன்வைத்தது; 1974-இல் அது சட்டமாகவும் ஆகியிருந்தது. நம்முடைய 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியில் வந்தது. பழைய 1967-ஆம் ஆண்டுச் சட்டமோ 2024 ஜூன் 1 முதல் நீக்கப்பட்டேவிட்டது. காகிதங்களைக் கடைசியில் பார்க்கலாம் என்பவர், நாடு கைவிட்டுவிட்ட ஒரு சிந்தனையில் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறார்.

இனி உன் மின்தேக்கித் தொகுதிக்கு வருகிறேன். மாணவர்களுக்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணமும் அதுவே என்பதால், சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

திறன் காரணி 0.85-க்குக் கீழே இறங்கினால் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் மிகைக் கட்டணம் விதிக்கிறது. அதனால் இங்கே புக்கிட் ரம்பாயிலும், செங்கிலும், ஆயர் குரோவிலும், ரப்பர் மரங்கள் நின்ற மண்ணில் எழுந்திருக்கும் தொழிற்பேட்டைகளில், பெரிய மோட்டார்களை ஓட்டும் ஆலைகள், அந்தக் காரணியை உயர்த்த, மின்தேக்கிகளை வைத்துக்கொள்கின்றன. மற்ற மின்கருவிகள் பெரும்பாலும் சுவிட்சைத் திறந்ததும் உயிரற்றுப் போகின்றன. மின்தேக்கியோ துண்டித்த பின்னும் தன்னுள் மின்னூட்டத்தை ஏந்தி நிற்கிறது. 11 கிலோவோல்ட்டில் 2 மெகாவார் அளவுள்ள, நட்சத்திர இணைப்பிலுள்ள தொகுதியை எடுத்துக்கொள். ஒரு முகத்துக்கு ஏறத்தாழ 53 மைக்ரோஃபாரட்; உச்ச அழுத்தம் ஏறத்தாழ 9,000 வோல்ட்; தேங்கியிருக்கும் ஆற்றல் 2,100 ஜூல். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மீட்க மருத்துவமனையில் மார்பின்மீது செலுத்தும் அதிர்ச்சியின் வழக்கமான உச்ச அளவே 360 ஜூல்தான் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்.

இந்த அபாயத்துக்கு விதி என்ன சொல்கிறது? ஐ.இ.சி. 60871 என்ற சர்வதேச நியமத்தின்படி, 1,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்தேக்கிகள், துண்டித்த 10 நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்கு இறங்கும்படி வடிகால் மின்தடை பொருத்தப்பட வேண்டும். அழுத்தம் குறைந்தவற்றுக்கு ஐ.இ.சி. 60831 விதிப்பது 3 நிமிடம். நீ கணக்கிட்டால், மேற்சொன்ன தொகுதிக்கு ஒரு முகத்துக்கு ஏறத்தாழ 2.4 மெகாஓம் வரும். சிக்கனமாக வேலை செய்பவர், 4.7 மெகாஓம் மின்தடைகள் இரண்டை இணையாகப் பொருத்தி, 10 நிமிடத்தில் 75 வோல்ட் என்று சோதனையிலும் காட்டி, கதவில் '10 நிமிடம் காத்திருக்கவும்' என்று ஓர் அறிவிப்பையும் ஒட்டிவிட்டுத் தம் கடமை முடிந்தது என்று எண்ணுவார். விதி நிறைவேறிவிட்டது, காகிதமும் குற்றமற்றது.

சில ஆண்டுகள் கழிந்து, வெப்பத்தாலும் ஈரத்தாலும் இரண்டில் ஒரு மின்தடை உள்ளுக்குள் அறுந்துபோகிறது என்று வைத்துக்கொள். யந்திரம் ஓடுவதில் எந்த மாறுதலும் இல்லை. எந்த விளக்கும் எரியாது. எந்த மணியும் ஒலிக்காது. ஒரு நள்ளிரவில், பழுது பார்க்க வந்த சார்ஜ்மேன், அந்த அறிவிப்பை நம்பி, முழுமையாக 10 நிமிடம் காத்திருந்து கதவைத் திறக்கிறார். அப்போது அங்கே எவ்வளவு மிஞ்சியிருக்கும்? நேரமாறிலி இரட்டித்துவிட்டது, ஆகவே 120 மடங்கு குறைந்திருக்க வேண்டிய அழுத்தம் 11 மடங்குதான் குறைந்திருக்கும், ஏறத்தாழ 800 வோல்ட் அவருக்காகக் காத்திருக்கும். அறிவிப்புக்குக் கீழ்ப்படிந்ததே அவர் செய்த காரியம். அந்த மனிதரைக் குற்றம் சொல்ல உனக்கு மனம் வருமா?

பரிகாரம் கடினமானதன்று. இரண்டு மின்தடைகளில் ஒவ்வொன்றும் தனித்தே விதியை நிறைவேற்றும்படி அளவிடு. செலவு சில ரிங்கிட்டுகளே. மின்தேக்கிக்கும் அதன் வடிகால் மின்தடைக்கும் நடுவே உருகியையோ சுவிட்சையோ வைக்காதே. உருகி எரிந்துபோனால், நல்ல மின்தடை இருந்தும் மின்னூட்டம் சிறைப்பட்டு நிற்கும். எத்தனை நல்ல மின்தடை இருந்தாலும் அதை மட்டும் நம்பாமல், நில இணைப்புச் சுவிட்சு ஒன்றை அமைத்து, அது மூடிய நிலையில் மட்டுமே விடுபடும் சாவியைக் கதவுக்கு வை. துண்டித்துக் குறித்த நேரம் கழியாமல் அந்தச் சுவிட்சும் மூடாதபடி செய். மூன்று முகங்களை நிலத்தோடு இணைத்தால் போதும் என்று நினைத்துவிடாதே. நிலத்தோடு சேராத நட்சத்திர மையத்திலும் மின்னூட்டம் தங்கலாம். உருகி எரிந்து தனித்துப்போன ஓர் அலகு, வெளி முனைகளை எல்லாம் இணைத்த பின்னும் தன் மின்னூட்டத்தை விடாது. ஒரு முறை குறுக்கிணைத்துவிட்டு எடுத்துவிட்டால், மின்காப்புப் பொருளுக்குள் ஊறிப்போயிருந்த மின்னூட்டம் மெல்ல வெளிப்பட்டு, அழுத்தம் மறுபடியும் ஏறும். ஆகவே வேலை முடியும் வரை நில இணைப்பு நீங்காதபடி அமைக்க வேண்டும். இவற்றில் பல விதிகளிலும் உண்டு. ஆனால் விதிகளைக் கடைசியில் புரட்டுபவருக்கு, பெட்டியின் அளவு முடிவாகி, தகடு வெட்டப்பட்டு, நில இணைப்புச் சுவிட்சுக்கு இடமே இல்லாமற் போன பிறகுதான் அவை கண்ணில் படும். அப்போது மிஞ்சுவது அறிவிப்புத் தாள் ஒன்றே. அறிவிப்பு ஒட்டுவது வடிவமைப்பு அன்று. வடிவமைக்கத் தவறியதன் ஒப்புதல் அது.

என் வாசிப்பில் இந்த விஷயத்தை எனக்குத் தெளிவாக்கியவை இரண்டு அறிக்கைகள். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்தது. அன்று அங்கே நடந்துகொண்டிருந்தது ஒரு மின்சாரப் பரிசோதனைதான்: வெளி மின்சாரம் நின்றால், அவசர டீசல் யந்திரங்கள் ஓடத் தொடங்கும் வரை, சுழற்சி குறைந்து வரும் டர்பைனின் மின்சாரமே நீரேற்றிகளுக்குப் போதுமா என்று பார்ப்பது. சர்வதேச அணுசக்தி முகமைக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழு 1986-இல் வெளியிட்ட முதல் அறிக்கை, பழியைப் பெரும்பாலும் உலையை இயக்கியவர்கள்மீதே வைத்தது. 1992-இல் அதே குழு தன் தீர்ப்பைத் திருத்தி எழுதியது. உலையை அணைக்க வேண்டிய கட்டுப்பாட்டுக் கோல்கள், இறங்கத் தொடங்கும் முதற் கணங்களில் எதிர்மாறாக ஆற்றலைக் கூட்டக்கூடிய விதத்தில் அமைந்திருந்ததும், அந்தக் குறை 1983-லேயே இக்னாலினா உலையில் தெரியவந்திருந்தும் இயக்குபவர்களை எட்டவில்லை என்பதும் அப்போது முன்னுக்கு வந்தன. 'பாதுகாப்புக் கலாசாரம்' என்ற சொற்றொடர் அந்தக் குழுவின் அறிக்கைகளிலிருந்தே உலகெங்கும் பரவியது. இன்று அதைப் பதாகையில் எழுதி ஆலை வாசலில் கட்டுகிறார்கள். தலைக்கவசம் அணிந்து படமெடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் பிறந்த சந்தர்ப்பத்தை அறிந்தவர் அதை இவ்வளவு இலேசாக உச்சரிக்க மாட்டார். வடிவமைத்தவர் அறிந்த குறையை, இயக்குபவரிடமிருந்து மறைக்காமலும், அவருடைய தலையில் சுமத்தாமலும் இருப்பதே அதன் உயிர்நிலை.

இந்த இடத்தில் எனக்கு நெடுநாளாக உள்ள ஒரு கொள்கையையும் சொல்லிவிடுகிறேன். வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று, மறதியின்மைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நூலில் அது 54-ஆவது. தொழிலாளர்களுக்கு ஜாக்கிரதையைப் போதிக்கும் கூட்டங்களில் அந்த அதிகாரத்தை எடுத்துக்காட்டுவது நம்மவர் வழக்கம். ஆனால் அவர் அதைப் பொருட்பாலில், அரசியல் பகுதியில் வைத்திருக்கிறார். அது முதலில் ஆள்பவனுக்குச் சொன்ன அறம். வெற்றிக் களிப்பில் தன் கடமையை மறக்கக்கூடியவனுக்குச் சொன்னது. இரவு வேலையில் களைத்து நிற்கும் மனிதன் மறப்பான். அது மனித இயல்பு. அந்த மறதியை எதிர்பார்த்து முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியவர், வெளிச்சமான அறையில் அமர்ந்து, அவகாசத்தோடு வரைபடம் தீட்டுபவர். யந்திர உலகில் அரசனின் இடத்தில் இருப்பவர் அவரே. பொச்சாவாமை அவருடைய கடமை. அதைத் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது அநியாயம். தோட்டத்து ரப்பர் ஆலைகளில் உருளைகளுக்கிடையே விரல்களைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து, 'கவனக்குறைவு' என்று ஒரே சொல்லில் கணக்கை முடித்துவந்த சமூகத்தில் பிறந்தவர்கள் நாம். அந்தச் சொல்லை நீ ஒரு நாளும் எளிதாக எடுத்தாளக் கூடாது.

ஆகவே உன் வினாவுக்கு என் விடை இது. விதிகளை எல்லாம் நிறைவேற்றிய பின்னும் விபத்து நேர்ந்தால், வடிவமைத்தவரிடம் கேட்கப்படும் கேள்வி 'விதியை மீறினாயா?' என்பதோடு நிற்காது. 'உன் பாதுகாப்புச் சாதனமே பழுதானால் என்னவாகும் என்று யோசித்தாயா? யோசித்ததை எழுதி வைத்தாயா? எழுதியதை யந்திரத்தைத் தொடப் போகிறவர் அறியச் செய்தாயா?' என்ற மூன்றும் கூடவே வரும். இவற்றுக்கு உண்மையாக 'ஆம்' என்று சொல்ல முடிந்தவர் குற்றமற்றவர். மற்றவர் சட்டத்தின் எழுத்தால் தப்பித்தாலும் பொறுப்பிலிருந்து தப்பியவர் ஆகார்.

இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்று. உன் தொகுதியின் வரைபடத்தில் கையொப்பமிடுவதற்கு முன், அதிலுள்ள ஒவ்வொரு பாதுகாப்புச் சாதனத்தின் பெயரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது சத்தமில்லாமல் கெட்டுப்போனால் யாருக்கு எப்படித் தெரியவரும் என்று குறித்துக்கொள். 'தெரியவராது' என்று எழுத நேரும் இடங்களை எல்லாம் மாற்றி அமைக்கும் வரை கையொப்பமிடாதே. மூத்தவர் அவசரப்படுத்தினால், 20-ஆம் பிரிவின் நகலை மரியாதையுடன் அவருடைய மேசையில் வைத்து, உன் கணக்கையும் அதன்மேல் வை. அந்தத் தாளின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பு. நில இணைப்புச் சுவிட்சுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கியிருக்கிறாய் என்பதை நான் முதலில் பார்ப்பேன்.

என்றும் உன் நலம் நாடும்,
ஆசிரியன்.