பழைய கார் வாங்குமுன் ஒரு கணக்கு

மாணவர்களே, வேலைக்குச் சேர்ந்த அண்ணனோ அக்காவோ முதன்முதலில் கார் தேடும்போது வீட்டில் பெரிய பேச்சு நடக்கும். புதிய கார் கைக்கு எட்டாது என்றால் பழைய கார்தான். விற்பவர், "இந்தக் காடி எண்ணெய் அதிகம் குடிக்காது தம்பி" என்பார். அந்தப் பேச்சை நம்பிப் பல ஆண்டுகள் மாதத் தவணை கட்டப் போவது உங்கள் குடும்பம். அது உண்மைதானா என்று சோதிக்க நான்காம் படிவ இயற்பியலும் ஆரம்பப் பள்ளியில் படித்த வகுத்தலும் போதும்.

எந்த அளவைப் பார்ப்பது?

நம் நாட்டில் கார் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் கேட்கிறோம். அந்த எண் சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும். ஒருவர் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போய் வருகிறார். போக வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர். மாதத்திற்கு 1,500 கிலோமீட்டர் என்றும் பெட்ரோல் லிட்டருக்கு 2 ரிங்கிட் என்றும் வைத்துக்கொள்வோம்.

லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 150 லிட்டர் தேவை. செலவு 300 ரிங்கிட்.
15 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 100 லிட்டர், 200 ரிங்கிட்.
20 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 75 லிட்டர், 150 ரிங்கிட்.

கவனித்தீர்களா? 10 இலிருந்து 15 க்கு மாறினால் மாதம் 100 ரிங்கிட் மிச்சம். 15 இலிருந்து 20 க்கு மாறினால் 50 ரிங்கிட்தான் மிச்சம். இரண்டிலும் வித்தியாசம் அதே 5 கிலோமீட்டர், பலனோ பாதி. எனவே, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிக் கேளுங்கள். மேலே சொன்ன மூன்று கார்களுக்கும் விடை 10, 6.7, 5 லிட்டர். இப்போது உண்மையான வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

நெரிசலில் பெட்ரோல் எங்கே போகிறது?

இயக்க ஆற்றலின் சூத்திரம் நினைவிருக்கிறதா? பொருண்மையின் பாதியை வேகத்தால் இரண்டு முறை பெருக்க வேண்டும். 850 கிலோகிராம் எடையுள்ள சிறிய கார் மணிக்கு 60 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 16.7 மீட்டர் வேகத்தை எட்டும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 118 கிலோஜூல். 1,500 கிலோகிராம் எடையுள்ள பெரிய குடும்பக் காருக்கு 208 கிலோஜூல்.

சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை மிதித்ததும் இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறிக் காற்றில் கலந்துவிடும். பச்சை விழுந்ததும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால் பங்கு மட்டுமே சக்கரத்தைச் சேருகிறது என்று கொண்டால், சிறிய கார் ஒவ்வொரு முறை நின்று புறப்படவும் ஏறக்குறைய 15 மில்லிலிட்டர் தேவை. அது ஒரு மேசைக்கரண்டி அளவு! பெரிய காருக்கு 26 மில்லிலிட்டர். காலையில் 20 முறை இப்படி நின்று புறப்பட்டால் முன்னதற்கு 0.3 லிட்டர், பின்னதற்கு அரை லிட்டருக்கும் மேல் செலவாகும்.

அதனால்தான் பிரிக்பீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அன்றாடம் ஓடும் காருக்கு எடை முக்கியம். குளிர்சாதனம் ஓட நெரிசலில் நின்றுகொண்டிருந்தால், சிறிய காரும் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை எரிக்கும்; ஒரு மீட்டர்கூட நகர்ந்திருக்காது.

நெடுஞ்சாலையில் கதை வேறு. அங்கே எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 110 கிலோமீட்டரில் செல்லும்போது அது 90 இல் இருப்பதைப்போல் ஒன்றரை மடங்கு. ஆகவே, சிக்கனம் என்பது காரில் மட்டும் இல்லை. எந்தச் சாலை, எந்த வேகம் என்பதும் சேர்ந்ததுதான்.

விளம்பர எண்ணும் சாலை எண்ணும்

2014 இல் நம் அரசாங்கத்தின் தேசிய வாகனக் கொள்கை எரிசக்திச் சிக்கன வாகனங்களுக்கு முன்னுரிமை தந்தது. அதே ஆண்டு பெரோடுவா நிறுவனம் ஆக்சியாவை வெளியிட்டது. மூன்று உருளைகள் கொண்ட 1,000 சிசி இயந்திரம், குறைந்த எடை. லிட்டருக்கு 21.6 கிலோமீட்டர் வரை ஓடும் என்பது நிறுவனம் அறிவித்த அளவு. இன்று பழைய கார் கடைகளில் எளிதாகக் கிடைப்பவற்றில் அதுவும் ஒன்று.

இப்படிப்பட்ட எண்கள் பொதுவாகச் சோதனைக்கூடத்தில், உருளைகள்மீது காரை ஓட்டி, குறிப்பிட்ட ஒரு முறைப்படி அளக்கப்படுகின்றன. இரண்டு கார்களை ஒப்பிட அவை உதவும். ஆனால் மாலை 6 மணிக் கூட்டரசு நெடுஞ்சாலையில் அதே எண்ணை எதிர்பார்க்க முடியாது.

ஹைப்ரிட் கார்கள் பிரேக் பிடிக்கும்போது இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்தில் சேமிக்கின்றன. ஆகவே நெரிசலில் அவை நன்றாகச் சிக்கனம் காட்டும். 2011 முதல் 2013 வரை நம் நாட்டில் வரிவிலக்கோடு விற்கப்பட்ட ஹைப்ரிட் கார்கள் இப்போது மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அவற்றின் மின்கலத்திற்கும் வயதாகிவிட்டது. மாற்ற வேண்டி வந்தால் பல ஆயிரம் ரிங்கிட் செலவாகும். மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு அதிலேயே போய்விடலாம்.

பழைய காரில் எதைப் பார்ப்பது?

டயர்: காற்று குறைந்தால் டயர் அதிகம் நெளிந்து உருளும் தடை கூடும். ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரங்கள் நேராக இல்லை என்று பொருள்.
புகை: கறுப்புப் புகை, பெட்ரோல் அளவுக்கு மீறி எரிவதைக் காட்டும். நீலப் புகை, இயந்திர எண்ணெய் எரிவதைக் காட்டும்.
எச்சரிக்கை விளக்கு: சாவியைத் திருப்பியதும் இயந்திர விளக்கு எரிய வேண்டும், இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகம்தான்.
பராமரிப்புப் பதிவு: ஓடிய கிலோமீட்டரும் பட்டறைப் பதிவுகளும் பொருந்துகின்றனவா?

உரிமை மாற்றத்திற்கு முன் செய்யும் புஸ்பாகோம் சோதனை பாதுகாப்பையும் அடையாள எண்களையும் பார்ப்பது. எத்தனை லிட்டர் குடிக்கும் என்று அது சொல்லாது. அதை நாம்தான் அளக்க வேண்டும்.

அளக்கும் முறை எளிது. பெட்ரோல் நிலையத்தில் பம்ப் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். பயண மீட்டரைச் சுழியமாக்குங்கள். வழக்கம்போல் ஒரு வாரம் ஓட்டிய பிறகு அதே பம்பில் அதேபோல் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய லிட்டர்தான் அந்த வாரச் செலவு. வாங்கும் முன் இதைச் செய்யக் கடைக்காரர் விடமாட்டார். ஆனால் அதே வகைக் கார் வைத்திருக்கும் மாமாவோ பக்கத்து வீட்டு அங்கிளோ மறுக்கமாட்டார்.

மற்ற செலவுகளையும் மறக்காதீர்கள். தீபகற்பத்தில் தனியார் காருக்கு ஆண்டுச் சாலை வரி 1,000 சிசி வரை 20 ரிங்கிட். 1,600 சிசிக்கு 90. 2,000 சிசிக்கு 380. இன்னொன்று, ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகும். பெட்ரோலில் உள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால்தான் இவ்வளவு எடை. மாதம் 50 லிட்டர் குறைந்தால் 115 கிலோகிராம் குறையும்.

செய்து பாருங்கள்

முதல் கார் 12,000 ரிங்கிட். 28 லிட்டரில் 378 கிலோமீட்டர் ஓடியது. இரண்டாவது கார் 16,500 ரிங்கிட். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,500 கிலோமீட்டர், லிட்டர் 2 ரிங்கிட் என்றால், கூடுதலாகக் கொடுத்த 4,500 ரிங்கிட் பெட்ரோல் மிச்சத்தில் திரும்பிவர எத்தனை மாதம் ஆகும்?

விடை: 81 மாதம். அதாவது 6 ஆண்டு 9 மாதம். அண்ணன் அவ்வளவு காலம் அந்தக் காரை வைத்திருப்பாரா என்று கேட்டுவிட்டு, எந்தக் கார் என்று முடிவு செய்யுங்கள்.