மலிவான படத்தட்டு யந்திரம்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சென்ற மாதம் கைத்தறி நெசவாளர் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். வேலை முடிந்து பேரேட்டை மூடும் சமயத்தில் அங்கத்தினரான பெரியவர் ஒருவர் அருகே வந்து, "ஐயா, கணக்குக்குச் சம்பந்தமில்லாத ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்றார். அவருடைய மருமகன் அமெரிக்காவில் வேலையிலிருக்கிறார். அங்கே பழம்பொருட் கடையொன்றில் 'எச்.டி. டிவிடி' யந்திரம் ஒன்று, பன்னிரண்டு படத்தட்டுகளுடன் சொற்ப விலைக்குக் கிடைக்கிறதாம். வரும்பொழுது கொண்டுவரட்டுமா என்று கேட்டிருக்கிறார். பெரியவரின் தாயாருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. சினிமாக் கொட்டகைக்குப் போக இயலாது. அந்த அம்மையாருக்குப் பழைய படங்களை வீட்டிலேயே தெளிவாகக் காட்டவேண்டுமென்பது மகனின் ஆசை. மருமகனுக்கு ஈடாகத் தம் போனஸ் பணத்திலிருந்து கொடுத்துவிடவும் அவர் சித்தமாயிருந்தார்.

"அவசரப்பட வேண்டாம்" என்று கூறி, அன்று அவருக்கு விளக்கியவற்றையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம். இதே எண்ணத்துடன் இருக்கும் அங்கத்தினர் வேறு சிலரும் இருக்கக்கூடும்.

தெளிவு என்பது யாது? நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே அகலமுள்ள இரு துணிகளில் ஒன்று 40-ஆம் நம்பர் நூலிலும் மற்றொன்று 100-ஆம் நம்பர் நூலிலும் நெய்யப்பட்டால், எதில் பூவேலை நுணுக்கமாக விழும் என்பது யாவருக்கும் தெரியும். தொலைக்காட்சிப் படமும் புள்ளிகளால் நெய்த துணியே. நம் நாட்டு டிவிடி படத்தில் குறுக்கே 720 புள்ளிகளும் நெடுக்கே 576 வரிகளும் உள்ளன. உயர்தெளிவுப் படத்திலோ குறுக்கே 1,920, நெடுக்கே 1,080. பெருக்கிப் பார்த்தால் முன்னது 4,14,720 புள்ளிகள், பின்னது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. அமெரிக்க டிவிடியில் வரிகள் 480 மட்டுமே. ஆதலின் அங்கே வித்தியாசம் ஆறு மடங்கு.

இவ்வளவு புள்ளிகளையும் பழைய தட்டில் அடக்க முடியாது. டிவிடியை வாசிப்பது 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்புக் கதிர். பருமனான ஊசியைக் கொண்டு நெருக்கமான தையல் போடுவது எங்ஙனம்? அலைநீளம் 405 நானோமீட்டராகக் குறைந்த நீலஊதாக் கதிர் வந்த பின்னரே வழி பிறந்தது. ஜப்பானில் ஷுஜி நகமுரா 1990-ஆம் ஆண்டுகளின் நடுவில் நீலக்கதிர் லேசரைச் செய்து காட்டினார். அதற்கு முன்னோடியான நீல ஒளிவிளக்குக்காக அவரும் அகசாகி, அமானோ ஆகிய இருவரும் 2014-இல் நோபெல் பரிசு பெற்றனர். டிவிடியில் தடத்துக்கும் தடத்துக்கும் இடையே 0.74 மைக்ரான் இடைவெளி. புளூ-ரே தட்டில் 0.32 மைக்ரான். அச்சின் பற்களை நெருக்கி இழைகளைக் கூட்டுவது போன்ற காரியந்தான் இதுவும்.

இங்கேதான் வம்பு தொடங்கிற்று. ஒரே நீலக்கதிரைக் கொண்டு இரண்டு கட்சியார் இரண்டு விதமான தட்டுகளைச் செய்தனர். தோஷிபா நிறுவனம் முன்னின்ற கட்சியின் தட்டு எச்.டி. டிவிடி. சோனி முதலியோர் கூடிய கட்சியின் தட்டு புளூ-ரே. முன்னதில் ஓர் அடுக்குக்கு 15 கிகாபைட் கொள்ளும், பின்னதில் 25. எனினும் எச்.டி. டிவிடியின் அமைப்பு பழைய டிவிடியையே ஒட்டியது. எழுத்து பதியும் பரப்பு மேற்புறத்திலிருந்து 0.6 மில்லிமீட்டர் ஆழத்திலேயே இருந்தது. ஆகவே பழைய தொழிற்சாலைகளைச் சிறிது மாற்றி அதே சாமான்களைக் கொண்டு தட்டு அச்சிடலாம். புளூ-ரேயில் ஆழம் 0.1 மில்லிமீட்டர், அதற்குப் புதுச் சாமான்களே வேண்டும். இருக்கிற தறியில் அச்சை மாற்றுவதற்கும் புதுத் தறி போடுவதற்கும் உள்ள செலவு வித்தியாசத்தை நாம் சொல்லவேண்டியதில்லை.

விலையிலும் அது தெரிந்தது. 2006 ஏப்ரலில் அமெரிக்காவில் தோஷிபாவின் முதல் யந்திரம் 499 டாலருக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த சாம்சங் புளூ-ரே யந்திரம் ஏறத்தாழ ஆயிரம் டாலர். 2007 நவம்பர் தொடக்கத்தில், நமது தீபாவளிக்குச் சில தினங்கள் முன்பாக, வால்மார்ட் கடைகளில் தோஷிபாவின் எச்.டி.-ஏ2 யந்திரம் 98 டாலர் 87 சென்டுக்கு விற்பனைக்கு வந்தது. நூறு டாலருக்குள் உயர்தெளிவுப் படம்! சாமானியக் குடும்பத்தார் பலர் அன்று வாங்கினர். அவர்களை நாம் குறை கூறமாட்டோம். கையிலிருந்த காசுக்கு ஏற்ற பொருள் என்று நம்பியே வாங்கினர். யந்திரமும் நன்றாகவே இயங்கிற்று.

ஆனால் யந்திரத்தை விற்பவர் வேறு, படத்தை விற்பவர் வேறு. பாரமவுண்ட் நிறுவனம் 2007 ஆகஸ்டில் எச்.டி. டிவிடி பக்கம் சாய்ந்தது. டிஸ்னி, பாக்ஸ், சோனியின் சொந்தப் படக்கம்பெனி ஆகியவை புளூ-ரே பக்கம் இருந்தன. இரு விதத் தட்டுகளையும் வெளியிட்டு வந்த வார்னர் நிறுவனம் 2008 ஜனவரி 4-ஆம் தேதி, இனிப் புளூ-ரே மட்டுமே என்று அறிவித்தது. தராசு அன்றே சாய்ந்துவிட்டது. சோனியின் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டு யந்திரம் 2006 நவம்பர் முதலே புளூ-ரே வாசிக்கும் வசதியுடன் வீடுகளுக்குள் புகுந்திருந்ததும் ஒரு பெருங்காரணம். பிப்ரவரி நடுவில் வால்மார்ட்டும் புளூ-ரே பக்கம் சேர்ந்தது. பிப்ரவரி 19-ஆம் தேதி தோஷிபா தன் யந்திரங்களை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த நவம்பரில் வாங்கியவர்களுக்கு நான்கு மாதம் நிறையவில்லை. மறுவருஷம் தோஷிபாவே புளூ-ரே யந்திரம் செய்ய முன்வந்தது வேடிக்கை.

மருமகன் கண்டெடுத்தது இந்த யந்திரமே. அந்தப் பன்னிரண்டு தட்டுகளைச் சாதாரணப் புளூ-ரே யந்திரம் வாசிக்காது. அந்த யந்திரமோ புளூ-ரே தட்டை வாசிக்காது. புதுப்படங்கள் அந்தத் தட்டில் வருவதில்லை. உதிரிப் பாகம் கிடைக்காத எண்ணெய் எஞ்சினைச் சும்மா கொடுத்தாலும் தோட்டக்காரர் யோசிப்பார் அல்லவா? பழைய டிவிடிகளை அது வாசிக்கும் என்பது மெய். ஆனால் அமெரிக்காவில் விற்ற டிவிடி யந்திரங்கள் முதல் பிரதேசத் தட்டுகளுக்கென அமைந்தவை. இந்தியா ஐந்தாம் பிரதேசம். போதாக்குறைக்கு அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ட். நம் வீட்டுச் செருகியில் நேரே மாட்டினால் புகைதான் மிஞ்சும். இடையே மின்மாற்றி வேண்டும்.

புளூ-ரேயிலும் பிரதேசப் பிரிவு உண்டு. அமெரிக்காவும் ஜப்பானும் 'ஏ', ஐரோப்பா 'பி', இந்தியாவும் சீனாவும் ருஷ்யாவும் 'சி'. பல தட்டுகளில் இந்தத் தடை இல்லை; உள்ளவற்றில் உறையின் பின்புறம் எழுத்து அச்சிட்டிருக்கும். நாமே இதை அறியாமல் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து நான்கு தட்டுகள் தருவித்தோம். மூன்று ஓடவில்லை. திரையில் ஓர் அறிவிப்பு வந்து நின்றுவிட்டது. விற்றவர் உறை பிரிந்த சரக்கைத் திரும்ப ஏற்கமாட்டோம் என்று எழுதினார். உறையின் பின்புறத்தைப் படிக்காதது நம் பிழையே. கணக்குப் பார்ப்பவன் சிறு எழுத்தைப் படிக்கவில்லை என்று வீட்டில் இன்றும் பரிகாசம் செய்கிறார்கள்.

இணையத்தின் வழியாகவே படம் வரும் இந்நாளில் தட்டு எதற்கு என்று சிலர் கேட்கலாம். மாதச் சந்தா கட்டிப் பார்ப்பது குத்தகை நிலம் போன்றது. உரிமம் முடிந்தால் படம் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். தட்டு நம் பெட்டியிலிருக்கும். ஆனால் யந்திரம் செய்வோர் குறைந்து வருகிறார்கள் என்பதையும் மறைக்கலாகாது. ஓப்போ நிறுவனம் 2018-இல் நிறுத்திற்று; சாம்சங் அமெரிக்கச் சந்தையில் புது யந்திரம் வெளியிடுவதை 2019-இல் கைவிட்டது. 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்தியது வீட்டில் பதிவு செய்யும் வெற்றுத் தட்டுகளை மட்டுமே, படத்தட்டுகளை அல்ல. இச்செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டோர் பலர்.

இனிப் பெரியவரின் தாயார் விஷயம். அவர் பார்க்க விரும்பும் பழைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை டிவிடியாகவோ வீடியோ சிடியாகவோதான் கிடைக்கின்றன. டிவிடியில் உள்ள 576 வரிகளை எந்த யந்திரமும் மெய்யாகவே 1,080 ஆக்கிவிடாது. இடைவெளியை ஊகித்து நிரப்பும், அவ்வளவே. மூலப் படச்சுருளைத் துப்புரவு செய்து புதிதாகப் பதிவு செய்தால்தான் நுணுக்கம் வெளிப்படும். 1964-இல் வந்த 'கர்ணன்' அவ்வாறு புதுப்பிக்கப்பட்டு 2012-இல் மீண்டும் திரையிடப்பட்டபொழுது கண்டவர்களுக்கு இது விளங்கும். எல்லாப் படங்களுக்கும் அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

இவ்வளவும் பேசியபின் பெரியவர் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். கூடத்தில் தறி, தறிக்கு எதிரே மாடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி. 2006-இல் தொடங்கிய அரசின் இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குலக் குழாய்ப் பெட்டி; இன்னும் பழுதில்லாமல் இருந்தது. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தோம். மஞ்சள், வெள்ளைத் துளைகள் மட்டுமே இருந்தன. எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான துளை இல்லை. 2013-க்குப் பின் செய்யப்பட்ட புளூ-ரே யந்திரங்களில் பழைய மஞ்சள் கம்பி வழியே படம் அனுப்பும் வசதி கிடையாது. உரிம விதிகளே அவ்வாறு மாற்றப்பட்டன. ஆகவே புதுப் புளூ-ரே யந்திரம் வாங்கினாலும் அந்தப் பெட்டியில் ஒன்றும் தெரியாது. முதலில் பெட்டியை மாற்றவேண்டும். அது போனஸுக்குள் அடங்காது.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து தாயார், "யாரப்பா வந்திருக்கிறது?" என்று கேட்டார். "நம் சங்கத்து இன்ஸ்பெக்டர் ஐயா, அம்மா" என்றார் மகன். அன்றிரவே மருமகனுக்குத் தகவல் அனுப்பி யந்திரத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டார். பக்கத்து ஊர்க் கடையில் மஞ்சள் கம்பியுள்ள சாதாரண டிவிடி யந்திரமொன்றை வாங்கி, மிச்சப் பணத்தில் எட்டுப் படங்களும் எடுத்ததாகச் செயலாளர் தெரிவித்தார். பெட்டி மாறும் காலத்தில் அந்த எட்டும் புளூ-ரே யந்திரத்திலும் ஓடும்.