உனக்கு முன்னே எழுதியவர்கள்

மும்பை வடாலாவிலிருந்து எழுதும் அன்புத் தங்கைக்கு,

நீ அனுப்பிய கவிதைகளைப் படித்தேன். அவற்றுக்கு வருமுன் உன் கடிதத்தில் இருந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “தமிழில் ஔவையாரும் ஆண்டாளும் போனால் நேரே நம் காலம்தான் அக்கா, நடுவில் பெண்கள் யாரும் எழுதவில்லை, அதனால் பிரான்டி சகோதரிகளையும் ஜேன் ஆஸ்டினையும் படிக்கிறேன்” என்கிறாய். அவர்களை நன்றாகப் படி. 1811இல் ஆஸ்டினின் முதல் நாவல் வந்தபோது அதில் அவர் பெயர் இல்லை, ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் போட்டிருந்தார்கள். 1847இல் ‘ஜேன் அயர்’ கரர் பெல் என்ற புனைபெயரில் வந்தது. அந்தப் பாடெல்லாம் நீ அறிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் நடுவில் யாரும் எழுதவில்லை என்று யார் உனக்குச் சொன்னது? எழுதினார்கள். மராத்தியில் எழுதிய ஒருத்தியின் பாட்டை நீ குடியிருக்கும் பேட்டையிலேயே வருஷா வருஷம் பாடுகிறார்கள்.

முதலில் உன் மழைக் கவிதைகள். ஜூன் பிறந்தால் நான்கு மாதம் மழையோடு குடித்தனம் நடத்தும் ஊரில் மழையை எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் உன் மழை எல்லாக் கவிதையிலும் அழுகிறது. வானம் அழுகிறது, ஜன்னல் அழுகிறது, வடாலா ரோடு ஸ்டேஷன் கூரையும் அழுகிறது. இந்த வாரம் சங்கக் கவிஞர் ஒக்கூர் மாசாத்தியாரை எடுத்து உட்கார். உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகையில் 126ஆம் பாட்டு. ஐந்தே அடி. பொருள் தேடிப் போனவன் திரும்பவில்லை. சொன்ன பருவம் வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அங்கே மழையை அழ விட்டிருப்பார்கள். மாசாத்தி சிரிக்க விடுகிறாள். கொடியில் திரண்டிருக்கும் முல்லை மொட்டுகள் கார்காலத்தின் பற்கள். காத்திருப்பவளைப் பார்த்துப் பருவமே பல் தெரியச் சிரிக்கிறது. தன் துயரம் என்று அவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. படிக்கிற நமக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் இடங்களுக்கு வேலை தேடி வந்தவர்களின் வீடுகளில் எத்தனை பெண்கள் அப்படி மழையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்! உன் பாட்டியும் அவர்களில் ஒருத்தி என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் அந்தப் பாட்டு உன் வீட்டுப் பாட்டு. மாசாத்தியை எல்லோரும் புறநானூற்றில் ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயின் பாட்டால் மட்டுமே தெரிந்துவைத்திருக்கிறார்கள். மேடைகள் அவளை அந்த ஒரு பாட்டுக்குள் அடைத்துவிட்டன. நமக்குக் கிடைத்திருக்கும் அவள் பாட்டு எட்டில் ஏழு அகப்பாட்டு. அந்த ஏழையும் படித்துவிட்டு வா, பிறகு உன் மழையைப் பற்றிப் பேசுவோம்.

இனி உன் பேட்டைக்கு வருகிறேன். ஆஷாட ஏகாதசியன்று வடாலா விட்டல் கோயிலுக்கு வெளியே நிற்கும் வரிசையை நீ பிறந்ததிலிருந்து பார்க்கிறாய். பண்டரிபுரம் போக முடியாதவர்களுக்கு அதுதான் பண்டரிபுரம். அந்த வழிபாட்டு மரபில் ஜனாபாயின் அபங்கங்கள் என்னும் பக்திப் பாட்டுகள் இன்றும் பாடப்படுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் பக்திக் கவிஞர் நாமதேவர் வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். முந்நூறுக்கும் மேற்பட்ட அபங்கங்கள் அவள் பெயரில் வழங்குகின்றன. ‘நாமதேவரின் தாசி ஜனி’ என்று பாட்டுக்குள்ளேயே தன் பெயரைப் பொதிந்து வைத்தாள். மாவு அரைப்பதும் பெருக்குவதும் தண்ணீர் சுமப்பதும் வறட்டி தட்டுவதும் அவள் கவிதைக்குள் அப்படியே வருகின்றன. அந்த வேலைகளில் விட்டலன் வந்து கூடமாட உதவுகிறான். வேலையை முடித்துவிட்டுக் கடவுளைப் பாடலாம் என்று அவள் காத்திருக்கவில்லை. உனக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. காலை லோக்கலையும் ஆபீஸையும் சமையலையும் கவிதைக்கு வெளியே நிறுத்திவிட்டு நீ நிலவை எழுதுகிறாய்.

ஜனாபாயை மராத்தியிலேயே படி. பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் மராத்தி படித்தவள் நீ. மதுரையிலோ கோவையிலோ இருக்கும் உன் வயதுக் கவிஞர் யாருக்கும் கிடைக்காத செல்வம் அது. அதை மார்க்‌ஷீட்டோடு மறந்துவிடாதே. ஜனாபாய்க்குப் பிறகு நேராக பஹிணாபாய் சௌதரிக்கு வா. ஜல்காவ் பக்கம் ஆசோதே கிராமத்தில் பிறந்த விவசாயப் பெண், எழுதப் படிக்கத் தெரியாதவள். ஜனாபாய் சுற்றிய அதே திருகையை அறுநூறு வருஷம் கழித்து இவள் சுற்றுகிறாள். திருகைப் பாட்டின் யாப்பை ஓவி என்பார்கள்: மூன்று அடி இயைபோடு ஓடி, நான்காவது குறுகி நிற்கும். வாய்விட்டுச் சொல்லிப் பார், கல் ஒரு சுற்று வந்து நிற்பது கையிலேயே தெரியும். நம் வள்ளைப்பாட்டுக்கு உலக்கை எப்படியோ, ஓவிக்குத் திருகை அப்படி. யாப்பு புலவர்கள் வீட்டுச் சொத்து என்று இனி யாராவது சொன்னால் இதைச் சொல்.

பஹிணாபாய் 1951இல் இறந்தார். அவர் பாடியதை அவ்வப்போது குறித்து வைத்திருந்தவர் மகன் சோபான்தேவ், அவரும் கவிஞர். அந்த ஏட்டைப் பார்த்து அசந்துபோன மராத்தி எழுத்தாளர் ஆசார்ய அத்ரே முன்னுரை எழுத, 1952இல் நூல் வந்தது. மகன் எழுதி வைக்காமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியை ஒவ்வொரு பழைய நூலைத் திறக்கும்போதும் கேள் என்று சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். பெண் எழுதினாள் என்பது பாதிக் கதை. அது நம் கைக்கு எப்படி வந்தது, நடுவில் யார் கை இருந்தது என்பது மீதிக் கதை. வெள்ளிவீதியார் என்ற கவிஞர் காதலனைத் தேடி அலைந்தவர் என்பது நமக்கு எப்படித் தெரியும்? அகநானூறு 147ஆம் பாட்டில் ஔவையார் சொல்லி வைத்ததால் தெரியும். ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் குறித்து வைத்தாள்.

வை.மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொள். 1901இல் பிறந்தவர், ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடப் படிப்பு கிடையாது. மனசுக்குள் கதை இருந்தது, கையில் எழுத்து இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். ‘இந்திரமோகனா’ என்ற நாடகம் அப்படித்தான் 1924இல் வெளிவந்தது. மறு வருஷமே ‘ஜகன்மோகினி’ பத்திரிகையை எடுத்து முப்பது வருஷத்துக்கும் மேல் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். எல்லாம் நல்ல நாவல்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பலவற்றில் அவசரம் தெரியும், புத்திமதி கதையை மூச்சுமுட்ட வைக்கும். ஆனாலும் ஒன்றிரண்டைப் பொறுமையாகப் படி. முழுக்கப் பேச்சாலேயே கதையை நகர்த்தும் வித்தை அதில் இருக்கிறது. அந்தக் காலத்துச் சென்னை வீடுகளின் கூடத்திலும் அடுக்களையிலும் பெண்கள் எப்படிப் பேசினார்கள் என்பது காதில் விழும். அந்தப் பட்டம்மாளை நினைக்காமல் என்னால் கோதைநாயகியை நினைக்க முடிவதில்லை.

இன்னொரு கதை உன்னைப் போல இரண்டு மொழிக்கு நடுவே நிற்பவளுக்கு மிகவும் வேண்டியது. 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சாவூர். ஆண்டவர் மராத்திய அரசர் பிரதாப சிம்மர், ஊர் தமிழ், அவை மொழி தெலுங்கு. அந்த அவையில் முத்துப்பழனி என்ற தேவதாசி ‘ராதிகா சாந்த்வனமு’ என்ற காவியத்தை எழுதினாள். ராதையின் கோபத்தையும் ஆசையையும் ஒளிவுமறைவில்லாமல் பேசும் நூல். பிற்காலத்துப் பதிப்பில் ‘ஆபாசம்’ என்று பட்டதை வெட்டிவிட்டார்கள். பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே பாடகி, சுவடியைத் தேடிப் பிடித்து 1910இல் முழுமையாக அச்சிட்டார். ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். ஆங்கில அரசு நூலைத் தடை செய்தது. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாண முதல்வராக வந்த பிறகுதான் தடை நீங்கியது.

அதே நாகரத்தினம்மாள், முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவர முயன்றபோது எதிர்த்து நின்றார். தேவதாசிக் குலத்தில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ அந்த முறையை ஒழிக்கத் தெருத்தெருவாகப் பேசி, 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலையும் எழுதினார். சட்டத்தைப் பொறுத்தவரை நான் மூவலூர் அம்மையார் பக்கம், சந்தேகமே இல்லை. அதற்காக முத்துப்பழனியை மீட்டுக் கொடுத்த கைக்கு நான் செலுத்தும் நன்றி குறைந்துவிடாது. இருவரையும் படி. முன்னோடிப் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள் என்று நம்பி அவர்களைத் தட்டையாக்கிவிடாதே.

மராத்தியில் இன்னும் இரண்டே பெயர் சொல்கிறேன். ‘காவ்ய ஃபுலே’ என்ற கவிதை நூல் 1854இல் வந்தபோது அதை எழுதிய சாவித்ரிபாய் ஃபுலேவுக்கு வயது 23. மறு வருஷம் ஃபுலே தம்பதியின் பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற மாங் சாதிச் சிறுமி, மஹார்–மாங் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை ‘ஞானோதய’ பத்திரிகையில் வந்தது. அவளுக்கு அப்போது பதினான்கு வயது இருக்கலாம். தாராவியில் மாலை வகுப்பு எடுக்கிறாயே, அந்தப் பிள்ளைகளுக்கு இதைச் சொல். அவர்கள் வயதுக்காரி எழுதியது.

இதையெல்லாம் எங்கே தேடுவது என்று கேட்பாய். எழுத்தாளர் அம்பை நம் மும்பையில்தான் இருக்கிறார். சி.எஸ். லக்ஷ்மி என்ற பெயரில் தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி அவர் செய்த ஆய்வு 1984இல் ஆங்கில நூலாக வந்தது. 1988இல் பெண்களுக்கான ஆவணக் காப்பகமாக ‘ஸ்பாரோ’வைத் தொடங்கினார். அந்த ஆய்வு நூலிலிருந்து ஆரம்பி, அங்கிருந்து வழி தானாகத் திறக்கும்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன். மாட்டுங்காவிலும் வடாலாவிலும் பழைய கட்டடங்கள் ரீடெவலப்மென்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. வீட்டைக் காலி செய்கிறவர்கள் பரணில் கிடப்பதை எடை போட்டு, பழைய பேப்பர் வாங்கும் ரத்திக்காரரிடம் தள்ளிவிடுகிறார்கள். தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து ஊசிநூலால் தைத்து வைத்த பைண்டுகள் அதில் போகும். அட்டை போன ‘ஜகன்மோகினி’யும் போகும். உன் பில்டிங்கிலும் பக்கத்துப் பில்டிங்கிலும் வயதானவர்களிடம் கேள். ஏதாவது கிடைத்தால் பக்கம் பக்கமாகப் போட்டோ எடு. யார் வீட்டில் இருந்தது, எந்த வருஷம் என்று குறி. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேள்.

அப்படியே உன் பாட்டியிடமும் உட்கார். அவர் பாடும் தாலாட்டையும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் அவர் பேச்சிலேயே, ஒரு எழுத்தும் திருத்தாமல், பெயரும் ஊரும் தேதியும் போட்டு எழுதி வை. அடுத்த கடிதத்தில் கவிதை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டியின் பாட்டு ஒன்றை எழுதி அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா