விழுந்தால் முறிகிற எலும்பு: மாமியாருக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். எப்போதும் முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிற அக்காவைக் காணோம். விசாரித்தால், அவருடைய மாமியார் ராத்திரி வெளியே போக எழுந்து வாசல்படியில் தடுக்கி விழுந்துவிட்டாராம். வயது எழுபதுக்கு மேல். "சுளுக்காத்தான் இருக்கும்" என்று எண்ணெய் தேய்த்து, நாட்டுக்கட்டு போட்டு, பன்னிரண்டு நாள் படுக்கையிலேயே வைத்திருக்கிறார்கள். முதுகில் புண் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு முறிவு.

ரத்தசோகைக்கு எத்தனையோ பயிற்சி நடத்தினோம். எலும்புக்கு ஒரு கூட்டம்கூட நடத்தவில்லை. அது எங்கள் குறைதான்.

மூட்டு தேய்மானம் வேறு, எலும்பு மெலிவு வேறு. மூட்டு தேய்ந்தால் வலிக்கும். எலும்பு மெலிந்தால் முறிகிற வரை வலியே இருக்காது. கரையான் அரித்த உத்தரம் மாதிரி, வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற சுரப்பு குறைவதால் சில வருஷம் எலும்பு வேகமாக மெலிகிறது. சின்ன வயதிலேயே கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவர்களுக்கு இது முன்னாடியே ஆரம்பித்துவிடும். வயதானவர்களுக்குக் கூன் விழுவதும் உயரம் குறைவதும் பல நேரம் முதுகெலும்பு நசுங்கியதன் அடையாளம்.

வயதானவர் விழுந்து, எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்றால் தேய்க்காதீர்கள், இழுக்காதீர்கள். உடனே 108-க்குப் போன் பண்ணுங்கள். இந்த முறிவுக்குப் பெரும்பாலும் ஆபரேஷன்தான் வழி. ஓரிரு நாளில் செய்துவிட்டால் சீக்கிரம் நடக்க வைக்கலாம். படுக்கையிலேயே கிடந்தால் நிமோனியா, புண், காலில் ரத்தக்கட்டு என்று ஒவ்வொன்றாக வரும். உயிருக்கே ஆபத்து. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி சாப்பாடு. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. அரிசிச் சோற்றில் அது ரொம்பக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள்ளு, முள்ளோடு மென்று தின்கிற நெத்திலிக் கருவாடு, தயிர், மோர் எல்லாம் நல்லது. ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. குழுக்கடனில் மாடு வாங்குகிறோம், பாலை முழுக்க சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு நாம் வரக்காப்பி குடிக்கிறோம். ஒரு டம்ளராவது வீட்டில் நிற்கட்டும். வெயிலும் வேண்டும், நடையும் வேண்டும். புகையிலை எலும்புக்கும் கெடுதல். மூட்டுவலிக்கென்று டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் வாங்கித் தின்கிற மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால் எலும்பு இன்னும் மெலியும்.

வீட்டில் ராத்திரி ஒரு சின்ன பல்பு எரியட்டும். தலைமாட்டில் டார்ச் இருக்கட்டும். குளிக்கிற இடத்துப் பாசியைத் தேய்த்துவிடுங்கள்.

ஒருமுறை எலும்பு முறிந்தவருக்குக் கட்டுப் பிரித்ததோடு வேலை முடிவதில்லை. அடுத்தது முறியாமல் இருக்க மருந்து உண்டு. பெரிய ஆஸ்பத்திரிகளில் டெக்சா ஸ்கேன் எடுத்து எலும்பின் அடர்த்தியைப் பார்ப்பார்கள். வாரம் ஒரு மாத்திரை தருவது உண்டு. அதைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், டீகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொண்டைக்குழாய் புண்ணாகும். இந்த மருந்து வேண்டிய இடத்தில் வெறும் கால்சியம் மாத்திரை போதாது.

அந்த அக்காவின் வீட்டுக்குப் போனோம். மாமியார் ஆபரேஷன் முடிந்து வாக்கர் பிடித்து நடக்கிறார். பேச்சுவாக்கில் அக்கா தன் மணிக்கட்டைக் காட்டினார். போன வருஷம் குழாயடியில் வழுக்கி, கையை ஊன்றி, முறிந்ததாம். "அது சின்ன முறிவுதானே, சரியாப் போச்சு" என்றார். அவருக்கு வயது 52. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், அது மெலிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அறிகுறி என்று சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. வருகிற வியாழக்கிழமை ஜி.எச்.சுக்குப் போகிறார். துணைக்குக் குழுவின் ஊக்குநரும் போகிறார்.