பூனையின் மூச்சை எண்ணிப் பார்ப்போமா?

இந்தத் தடவை அறிவியல் பகுதிக்கு நான் எழுதுவது பூனையைப் பற்றி. சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு.

தாம்பரத்துக்கும் மூச்சுக்கும் பழைய சம்பந்தம். ரயிலில் போகும்போது சானடோரியம் என்று ஒரு ஸ்டேஷன் வருதே, அந்தப் பெயர் காசநோய் ஆஸ்பத்திரியால் வந்தது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து ஆரம்பித்தார். இப்போது அது அரசு நெஞ்சக மருத்துவமனை. ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் அக்கா நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே, நமக்குத் தெரியாமல் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுவாங்க. சொல்லிவிட்டு எண்ணினால் மூச்சு மாறிடும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருக்கும்.

பூனைக்கும் தெரியாமல்தான் எண்ணணும். அது நன்றாகத் தூங்கும்போது தொடாமல் கொஞ்சம் தள்ளி உட்காருங்க. விலாப் பக்கம் மேலே ஏறி இறங்குவது தெரியும். ஏறி இறங்கினால் அது ஒரு மூச்சு. ஏறுறது ஒண்ணு, இறங்குறது ஒண்ணு என்று எண்ணினால் கணக்கு இரண்டு மடங்காகிடும். கடிகாரத்தில் 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்க. கறுப்புப் பூனை என்றால் ராத்திரி ஒண்ணும் தெரியாது, பகலில்தான் முடியும்.

தூங்குகிற பூனைக்கு நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை வந்தால் சரி. எங்கள் வீட்டுப் பூனையை ஒரு வாரம் எண்ணினேன். 20-க்குக் குறையவில்லை, 26-ஐத் தாண்டவில்லை. ஒருநாள் மட்டும் காலும் மீசையும் துடிச்சுது, மூச்சும் தாறுமாறா வந்துது. கனவு காணுது போல! அப்போது எண்ணக் கூடாது, கொஞ்ச நேரம் விட்டு எண்ணணும். 'குர்ர்ர்' என்று சத்தம் போடும்போதும் எண்ணக் கூடாது. ஓடி விளையாடிவிட்டு வந்தால் கூடத்தான் இருக்கும். ஆனால் தூங்கும்போதே தினமும் 30-க்கு மேல் வந்தால் டாக்டரிடம் காட்டணும்.

முக்கியமானது இதுதான். நாய் வாயைத் திறந்து இளைக்கும், அது உடம்புச் சூட்டைத் தணிக்கிற வழி. பூனை அப்படி இல்லை, மூக்கால்தான் மூச்சு விடும். எதையாவது மோந்து பார்த்துவிட்டு வாயை லேசாகத் திறந்து முழிக்கும், அது வாசனை பிடிக்கிறது, பயமில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாயைத் திறந்து இளைத்தால் ஆபத்து.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி வீட்டுப் பூனை கத்திரி வெயிலில் அப்படித்தான் இளைத்தது. "வெயிலுக்கு நாய் மாதிரி இளைக்குது"ன்னு எல்லாரும் சொன்னாங்க. மூன்றாம் நாள் டாக்டரிடம் தூக்கிப் போனபோது, நெஞ்சுக்குள் நீர் கோத்திருக்கிறது என்றார். நுரையீரலைச் சுற்றி நீர் நின்றால் அது விரிய இடம் ஏது? ஒவ்வொரு மூச்சிலும் காற்று கொஞ்சம்தான் போகும், அதனால் வேகவேகமாக மூச்சு விடும். அன்று சாயங்காலமே பூனை செத்துப்போச்சு. பாட்டி இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாய் திறப்பது கடைசியில்தான். அதற்கு முன்னாடியே பல பூனைகளுக்கு எண்ணிக்கை ஏற ஆரம்பிச்சிடும். பூனை நோயைக் காட்டிக்கொள்ளாத பிராணி, வேறு எதிலும் நமக்குத் தெரியாது.

இன்னொன்று. உடம்பு சுடுதேன்னு பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது. நமக்கு மருந்து, பூனைக்கு விஷம். ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிப்போவது ஹீமோகுளோபின் என்று படித்திருக்கிறோமே, அதை இந்த மாத்திரை கெடுத்துவிடும். அரை மாத்திரைகூட உயிரை எடுத்துவிடும்.

மூச்சு வாங்குகிற பூனைக்கு வாயில் பால், தண்ணீர் ஊற்றாதீங்க, இறுக்கிக் கட்டிப் பிடிக்காதீங்க. காற்று போகிற கூடையில் துணி விரித்துக் கொண்டு போங்க. பக்கத்தில் கால்நடை மருந்தகம் இருந்தால் முதலில் அங்கே. பெரிய ஆஸ்பத்திரி வேப்பேரியில், 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கு. தாம்பரத்திலிருந்து ரயிலில் போனால் எழும்பூரில் இறங்கணும்.

இந்தத் தாளின் கீழே கட்டம் போட்டு இடம் விட்டிருக்கிறேன். வீட்டில் பூனை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை எண்ணிவிட்டு, திங்கட்கிழமை பூனையின் பெயரும் எண்ணும் எழுதுங்க. பென்சிலால் எழுதுங்க, அடுத்த வாரம் மாற்றணும்.