மூன்று கம்பிகள்

பெரிய தச்சுப் பட்டறைகளில் வட்ட ரம்பத்தைச் சுழற்றுவது பெரும்பாலும் மும்முனை மின்சார மோட்டாரே. 1889-இல் தோலிவோ-தோப்ரவோல்ஸ்கி என்னும் பொறியாளர் ஜெர்மனியில் அமைத்த மோட்டாரின் வழிவந்தது அது. பழைய இயந்திரத்தில் மோட்டார் நன்னிலையில் இருப்பினும், அதற்கு மின்சாரம் கொணரும் கம்பிகளின் ரப்பர் உறை வெடித்து உதிர்ந்துவிடுதல் உண்டு. அப்பொழுது கம்பிகளை மாற்றுதல் இன்றியமையாதது.

உரிமம் பெற்ற மின்பணியாளரே இப்பணியைச் செய்தல் வேண்டும். அவர் முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பியூஸ்களைக் கழற்றித் தம்மிடமே வைத்துக்கொள்கிறார். கம்பிகளில் மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்து அறிகிறார். மோட்டாரின் தகட்டில் பொறித்துள்ள வோல்ட் அளவைப் படித்து, அதற்கேற்ப இணைப்புகளை அமைக்கிறார். இரும்பு உடலை நிலத்தோடு இணைக்கும் கம்பியையும் மறவாது பூட்டுகிறார்.

இன்னும் ஒரு சோதனை உண்டு. ரம்பத்தை இயக்கும் வாரைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஒரு கணம் ஓட்டிப் பார்க்கிறார். அஃது எதிர்த்திசையில் சுழல்கிறது! காரணம் யாது? மூன்று கம்பிகளிலும் மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக உச்சம் எய்துவதால் மோட்டாரினுள் காந்தப்புலம் சுழல்கின்றது. அவ்வரிசை மாறினால் சுழலும் திசையும் மாறும். எனவே, மீண்டும் மின்சாரத்தை நிறுத்தி, மூன்று கம்பிகளுள் இரண்டை இடம் மாற்றுகிறார், திசை நேராகிறது.

வாரோடு ஓட்டி மரத்தை அறுக்க முற்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரத்தை மேசையோடு அழுத்த வேண்டிய பற்கள் அதனை மேலே தூக்கி எறிந்திருக்கும். அறுப்பவரின் கைக்கும் ஊறு நேர்ந்திருக்கும். ஒரு கணப் பொறுமை ஒரு தொழிலாளியின் விரல்களைக் காத்தது.